எடிட்டர் தீம் செய்து பார்க்கிறேன்: பெயர்களுக்கு நிறம், கீவேர்டுகளுக்கு ஓய்வு

நிரல் எழுதும் எடிட்டரான விஎஸ் கோடுக்குச் சொந்தமாக ஒரு டார்க் தீம், அதாவது இருண்ட பின்னணியில் சொற்களுக்கு நிறம் தரும் அமைப்பு, செய்துகொண்டிருக்கிறேன். ஆசை ஒன்றுதான்: படித்தாலே புரிகிற சொல்லுக்கு நிறத்தைச் செலவழிக்கக் கூடாது. இஃப், ரிட்டர்ன் போன்ற கீவேர்டுகள், அதாவது நிரல்மொழியே ஒதுக்கிவைத்த சொற்கள், என்றால் என்னவென்று நிரல் எழுதும் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனாலும் பல தீம்களில் அவைதான் பளிச்சென்று முன்னால் நிற்கின்றன. கண் உண்மையில் தேடுவது வேறு. இந்தப் பெயர் வெளியிலிருந்து வந்த பாராமீட்டரா, இங்கேயே உருவான வேரியபிளா, இதன் மதிப்பு நடுவில் மாறுமா?

எடிட்டர் நிறம் கொடுக்கப் பயன்படுத்தும் பழைய டெக்ஸ்ட்மேட் இலக்கணத்தால் இதைச் சொல்ல முடியாது. அது ரெகுலர் எக்ஸ்பிரஷனை (எழுத்து வடிவங்களைத் தேடும் சூத்திரம்) வைத்து எழுத்தின் வடிவத்தை மட்டும் பார்க்கிறது. ஃபங்ஷனின் தலைப்பு வரியில் பாராமீட்டரை அடையாளம் காணும். நாலு வரி தள்ளி அதே பெயர் வந்தால் அதற்கு அது வெறும் வேரியபிள். எடிட்டருக்குப் பின்னால் இருந்து நிரலை அலசும் லாங்குவேஜ் சர்வருக்கோ முழு புராஜெக்டும் தெரியும். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வகையையும், கூடவே ரீட்ஒன்லி (மாறாதது), ஸ்டாட்டிக், டெப்ரிகேட்டட் (இனி பயன்படுத்த வேண்டாதது) போன்ற அடைமொழிகளையும் அது அனுப்பும். அதுவும் எடிட்டரும் பேசிக்கொள்ளும் விதிமுறையான லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகாலில் 2020 டிசம்பரில் வந்த 3.16 பதிப்பிலிருந்து இதற்கென ஒரு முறையான வழி இருக்கிறது.

தீம் கோப்பில், சர்வர் தரும் இந்த வகைகளை வைத்து நிறம் கொடுக்கும் செமாண்டிக் ஹைலைட்டிங்கை ட்ரூ ஆக்கினேன், விதிகளை எழுத ஆரம்பித்தேன். உடனே கண்ணில் பட்டது, கோப்பைத் திறந்ததும் வரும் நிறத் துள்ளல். சர்வர் தயாராகும் வரை டெக்ஸ்ட்மேட் நிறங்கள்தான் தெரியும், அப்புறம் எல்லாம் சட்டென்று மாறும். ஃபங்ஷன், கிளாஸ், டைப் மூன்றுக்கும் இரண்டு பக்கமும் ஒரே நிறம் கொடுத்துவிட்டேன். இப்போது பாராமீட்டரும் அடைமொழி பெற்ற பெயர்களும் மட்டுமே மாறுகின்றன. அது எனக்கு உறுத்தவில்லை.

நிறம் தேர்வதில்தான் அதிக நேரம் போனது. நிறக்கோணம், செறிவு, வெளிச்சம் என்ற மூன்றால் நிறத்தைக் குறிக்கும் எச்எஸ்எல் முறையில் முழு மஞ்சளுக்கும் முழு நீலத்துக்கும் வெளிச்ச அளவு ஒன்றே, 50 சதவீதம். கறுப்புப் பின்னணியில் வைத்துப் பாருங்கள்: மஞ்சளின் கான்ட்ராஸ்ட் (பின்னணியோடான வெளிச்ச வேறுபாடு) ஏறக்குறைய 19.6:1, நீலத்துக்கு 2.4:1. இணைய அணுகல்தன்மை வழிகாட்டியான டபிள்யுசிஏஜி சாதாரண எழுத்துக்குக் கேட்பது குறைந்தது 4.5:1. ஆகவே எச்எஸ்எல்லை விட்டுவிட்டு ஓகேஎல்சிஎச் முறைக்கு வந்தேன். பியோன் ஓட்டோசன் 2020இல் வெளியிட்ட ஓகேலேப் நிறவெளியின் இன்னொரு வடிவம் அது; வெளிச்சத்தை நம் கண் உணரும் விதத்தை ஒட்டி அளக்கிறது. வெளிச்சத்தை ஒரே இடத்தில் நிறுத்தி, நிறக்கோணத்தை மட்டும் திருப்பினால் எந்தச் சொல்லும் தனியாகத் துருத்துவதில்லை. கீவேர்டுக்கு மட்டும் வேண்டுமென்றே ஒரு படி மங்கலான சாம்பல். பாராமீட்டருக்கு ஆரஞ்சு, ஃபங்ஷனுக்கு நீலம், டைப்புக்கு வெளிர் பச்சை. சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவர்களும் பயன்படுத்த வேண்டும் என்பதால் எந்த முக்கியமான வேறுபாட்டையும் அந்த இரண்டை மட்டும் நம்பி விடவில்லை.

அடைமொழிகளுக்குப் பெரும்பாலும் புது நிறம் கிடையாது, எழுத்தின் பாணிதான். நட்சத்திரக் குறி, புள்ளி, அடைமொழி என்று எழுதினால் எல்லா வகைக்கும் அது பொருந்தும். அடிக்கோட்டை மட்டும் கேட்டால் அந்தப் பெயரின் சொந்த நிறம் அப்படியே இருக்கும். ரஸ்ட் மொழியின் லாங்குவேஜ் சர்வரான ரஸ்ட் அனலைசர் மியூட்டபிள் (மாறக்கூடியது) என்று ஓர் அடைமொழி தருகிறது. அதற்கு அடிக்கோடு போட்டதும் ரஸ்ட் கோப்புகள் எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தன. மாறக்கூடிய வேரியபிள்கள் மட்டுமல்ல, தன் பொருளையே மாற்றக்கூடிய மெத்தட்களும் அடிக்கோட்டோடு நிற்கின்றன. எங்கே நிலை மாறுகிறது என்று பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்தே சொல்லிவிடலாம். இந்தத் தீமில் எனக்கு மிகவும் பிடித்த ஒரே விதி எதுவென்றால் இதுதான்.

டைப்ஸ்கிரிப்டில் மியூட்டபிள் இல்லை, ரீட்ஒன்லிதான் உண்டு. ஆகவே அங்கே தலைகீழாக, மறுபடி மதிப்பு கொடுக்க முடியாத கான்ஸ்ட் பெயர்களைக் கொஞ்சம் அடக்கி, கொடுக்கக்கூடிய லெட் பெயர்களை இயல்பாக விட்டேன். ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: கான்ஸ்டாக அறிவித்த அரேயின் (மதிப்புகளின் பட்டியல்) உள்ளடக்கம் மாறலாம், நிறம் அதைச் சொல்லாது.

அடுத்து லைட் பதிப்பு. வெள்ளைப் பின்னணியில் 4.5:1 வருவதற்கு ஆரஞ்சை இருட்டாக்கினால் அது பழுப்பாகிவிடுகிறது, பாராமீட்டர் கண்ணில் படாமல் போகிறது. இப்போதைக்கு அந்த இடத்தில் செவ்வூதாவை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.