கிட்னியில் லேசான வீக்கம் என்று ஸ்கேனில் வந்தபோது

கர்ப்பத்தின் 20ஆவது வாரத்தில், குழந்தையின் உறுப்புகளைப் பார்க்க எடுத்த அனாமலி ஸ்கேனில் எல்லாமே நார்மல், ஒரு வரியைத் தவிர. குழந்தையின் இடது கிட்னியில் மைல்ட் பைலெக்டேசிஸ், அதாவது லேசான வீக்கம், 5.4 மி.மீ. அந்த வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஸ்கேன் சென்டர்தான். பார்த்த டாக்டர் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வைத்து அழுத்தினார், "கொஞ்சம் நடந்துட்டு வாம்மா" என்று வெளியே அனுப்பி மறுபடியும் பார்த்தார், என்ன என்று கேட்டதற்கு "உங்க டாக்டர் சொல்வாங்க" என்பதோடு சரி. அன்று வெள்ளிக்கிழமை சாயங்காலம். எங்கள் டாக்டர் திங்கட்கிழமைதான் வருவார்.

அந்த சனி ஞாயிறு இருக்கிறதே, கர்ப்பம் முழுவதிலும் எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது அதுதான். வாந்தியெல்லாம் அதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. என் வீட்டுக்காரர் போனில் தேடிக்கொண்டே இருந்தார், ஒரு பக்கம் ஒன்றுமில்லை என்கிறது, அடுத்த பக்கம் ஆபரேஷன் என்கிறது. அத்தை, "கிரகணத்தன்னிக்கு மாடிக்குப் போனியாம்மா?" என்று கேட்டார். எதிர்வீட்டு ஆயா மணலி ஃபேக்டரி புகைதான் காரணம் என்று முடித்துவிட்டார். இன்னொரு சொந்தக்காரர் போனிலேயே "கலைச்சிடறது நல்லதோ என்னவோ" என்றார். என்ன வியாதி என்றே தெரியாமல் இப்படிச் சொல்ல மனிதர்களுக்கு எப்படித்தான் வாய் வருகிறதோ.

திங்கட்கிழமை எங்கள் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு "மைல்டுதான், பயப்படாதீங்க" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பயப்படாதே என்றால் பயம் போய்விடுமா? கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி நம்பர் போட்டுக் கொடுத்த ஏரியா சிஸ்டரிடம் சொன்னேன். அவர்தான், ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு பிரசவ ஆஸ்பத்திரியில் ஒருமுறை காட்டிவிடு என்றார். காலையிலேயே போனோம். அங்கே ஒரு டாக்டரம்மா ரிப்போர்ட்டின் பின்பக்கத்திலேயே படம் போட்டு விளக்கினார். கிட்னியில் ஊறும் சிறுநீர் முதலில் புனல் மாதிரி ஒரு பகுதியில் சேர்ந்து, அப்புறம் குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்கு இறங்குகிறது. அந்தப் புனல் கொஞ்சம் அகலமாக இருக்கிறது, அவ்வளவுதான் இப்போதைக்குத் தெரிந்தது. 28 வாரத்துக்கு முன் 4 மி.மீ.க்குக் கீழே இருந்தால் நார்மல், 4 முதல் 7 வரை லேசானது. 28 வாரத்துக்குப் பிறகு அந்தக் கோடு 7க்குப் போய்விடும். இப்படி வருகிற குழந்தைகளில் பெரும்பாலானோருக்குத் தானாகவே சரியாகிவிடுமாம். சிலருக்குக் குழாய் தொடங்கும் இடத்தில் அடைப்பு இருக்கும், சிலருக்குச் சிறுநீர் பையிலிருந்து மேலே திரும்பி ஏறும். அதைக் கண்டுபிடிக்கத்தான் தொடர்ந்து பார்ப்பது.

நான் எழுதி வைத்திருந்த கேள்விகளைக் கேட்டேன். இன்னொரு கிட்னி எப்படி? நன்றாக இருக்கிறது. பை? சரியாக நிரம்பிக் காலியாகிறது. பனிக்குட நீர்? போதுமானது. இந்தக் கடைசிப் பதில்தான் எனக்கு மூச்சு விட வைத்தது, ஏனென்றால் பாதிக் கர்ப்பத்துக்கு மேல் அந்த நீரில் பெரும்பங்கு குழந்தையின் சிறுநீர்தான் என்று அவரே சொன்னார், அப்படியென்றால் கிட்னி வேலை செய்கிறது. மரபணுக் கோளாறா என்றும் கேட்டேன். மூன்றாம் மாத ஸ்கேனையும் டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டையும் புரட்டிப் பார்த்து, அவையும் நார்மல், இது மட்டும் தனியாக இருப்பதால் வேறு டெஸ்ட் தேவையில்லை என்றார். கிரகணம், புகை இரண்டையும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். இதுதான் காரணம் என்று எதையும் கைகாட்ட முடியாது, நீ செய்த எதனாலும் வரவில்லை என்று அத்தை முன்னாலேயே சொன்னார். அதற்குத் தனியாக ஒரு நன்றி.

கலைப்பது பற்றி யாரோ சொன்னார்கள் என்றபோது, இதில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை என்றார். எங்களுடையதைவிடக் கனமான செய்தி வருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு 2021இல் திருத்திய சட்டப்படி, கருவில் கடுமையான குறைபாடு இருந்தால் 24 வாரத்துக்குப் பிறகும் மருத்துவக் குழு பார்த்து முடிவு சொல்லும் வழி இருக்கிறது. முடிவெடுக்க வேண்டியது சம்பந்தப்பட்ட பெண்தான், போனில் பேசுகிற சொந்தக்காரர்கள் இல்லை.

அப்புறம் நான் வீட்டில் ஒரே பதிலை வைத்துக்கொண்டேன்: "5.4 இருக்கு, 32 வாரத்தில் மறுபடியும் பார்ப்பாங்க." யார் கேட்டாலும் அதுதான். நம்பரும் அடுத்த தேதியும் சொல்லிவிட்டால் மேற்கொண்டு பேச முடியாமல் பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கும் ராத்திரியில் அதுவே உதவியது. 32இல் 8 வந்தது. ஏறிவிட்டதே என்று இவர் முகம் தொங்கிவிட்டது. வாரம் கூடினால் அளவும் கூடும், இன்னும் அதே லேசான வகைதான் என்று இந்த முறை நானே சொன்னேன்.

நடுவில் ஒரு கூத்து. இது ஆண் குழந்தைகளுக்குத்தான் அதிகம் வரும் என்று இவர் எங்கோ படித்ததைச் சத்தமாகச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். ஸ்கேன் சென்டரில் பாலினம் சொல்வது குற்றம் என்று போர்டு மாட்டி, நம்மிடம் கையெழுத்தும் வாங்குகிறார்கள், எங்கள் அத்தை ஒரு கிட்னியை வைத்தே பேரன் என்று கண்டுபிடித்து, திருவொற்றியூர் வடிவுடையம்மனுக்கு வேண்டுதலும் வைத்துவிட்டார். பிறந்தது பெண். வேண்டுதலை எல்லோருமாகப் போய் முடித்தோம், அம்மனுக்கு ஒன்றும் வருத்தமில்லை.

பிரசவத்துக்குப் போகும்போது ஸ்கேன் ரிப்போர்ட்டுகளைத் தனி கவரில் எடுத்துக்கொண்டு போய், குழந்தை டாக்டரிடம் முதல் நாளே காட்டினேன். எங்களைப் போல லேசாக இருந்தால் பிறந்ததும் ஸ்கேன் எடுக்க மாட்டார்கள். முதல் 48 மணி நேரம் குழந்தைக்குச் சிறுநீர் குறைவாகத்தான் ஊறும், அப்போது பார்த்தால் வீக்கம் இல்லாத மாதிரி ஏமாற்றிவிடலாம். அதனால் பிறகு எடுக்க வேண்டிய ஸ்கேனை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அந்தக் களேபரத்தில் யாருக்கும் நினைவிருக்காது. எங்களுக்கு 7 மி.மீ. வந்தது. மருந்து எதுவும் இல்லை. சளி இருமல் இல்லாமல் காய்ச்சல் மட்டும் வந்தால் அன்றே சிறுநீர் டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இன்னொரு ஸ்கேன் பாக்கி இருக்கிறது, அதிலும் கூடாமல் இருந்தால் இனி வர வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.