தூக்கத்துக்குப் பிறகுதான் பாடம்

தேர்வுக்காகப் போடும் கால அட்டவணையில் எல்லாப் பாடங்களுக்கும் இடம் இருக்கும். தூக்கத்துக்கு மட்டும் மிச்சம் மீதி நேரம்தான் கிடைக்கும். இந்தப் பருவத் தேர்வுக்கு நான் அதைத் தலைகீழாகப் போட்டிருக்கிறேன். இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை முதலில் கட்டம் கட்டிவிட்டு, எஞ்சிய நேரத்தைத்தான் பாடங்களுக்குப் பங்கிட்டேன்.

சோம்பலுக்கு நான் கற்பிக்கும் நியாயம் இது என்று அறைத்தோழன் கேலி செய்கிறான். ஆனால் பகலில் படித்ததை நிலையான நினைவாக மாற்றிக்கொள்ள மூளைக்குத் தூக்கம் தேவைப்படுகிறது. 1924-இல் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இரு உளவியலாளர்கள் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்ய வைத்துச் சோதித்தபோது, விழித்திருந்த நேரத்தைவிடத் தூங்கிய நேரத்தில் மறதி குறைவாகவே இருந்தது. அதில் பங்கேற்றவர்கள் இரண்டே மாணவர்கள் என்பதால் அந்த ஒரு சோதனையை மட்டும் நம்பி யாரும் படுக்கப் போக வேண்டாம். பின்னர் நடந்த பல ஆய்வுகளும் அதையே சொல்கின்றன என்பதால்தான் நான் நம்புகிறேன். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது மருத்துவர்களின் பரிந்துரை.

அப்படியானால் பாடத்தை எப்போது முடிப்பது என்ற கேள்வி எழும். நேரத்தைக் கூட்ட முடியாதபோது படிக்கும் முறையைத்தான் மாற்ற வேண்டும். ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ, வாசித்ததைப் பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். ஆகவே நானும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெற்றுத் தாளில் எழுதிப் பார்க்கிறேன். நேற்று சிறுநீரகத்தில் சிறுநீரை உருவாக்கும் நுண் அலகான நெஃப்ரானின் பகுதிகளை வரிசையாக எழுதிக்கொண்டு வந்தபோது, ஹென்லே வளைவைத் தாண்டியதும் பேனா நின்றுவிட்டது. அந்தப் பக்கம் முழுவதும் என் அடிக்கோடுகள்தான். ஆனாலும் அதற்கு அடுத்து வரும் சேய்மைச் சுருள் நுண்குழல் நினைவுக்கு வரவில்லை. விடுபட்டதைச் சிவப்பு மையால் எழுதிக்கொண்டேன். மறுநாள் அந்தச் சிவப்பு வரிகளை மட்டும் பார்த்தால் போதும் என்பதால் நேரம் வெகுவாக மிச்சமாகிறது.

காபியை மதியத்தோடு நிறுத்திவிட்டேன். உடலில் சேர்ந்த காஃபீனில் பாதி வெளியேறவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது என்பதால், மாலை 6 மணிக்குக் குடிப்பதன் பாதி, படுக்கப்போகும் 11 மணிக்கும் உடலில் இருக்கும். மாலையில் அரை மணி நேரம் நடக்கிறேன். அந்த நேரத்தில் கைப்பேசி அறையிலேயே கிடக்கும்.

எந்த அட்டவணையும் எல்லா நாளும் தாக்குப்பிடிக்காது. அடுத்த வாரம் அடுத்தடுத்த நாட்களில் இரண்டு தேர்வுகள் வருகின்றன. அந்த நாட்களில் நடையைப் பத்து நிமிடமாகக் குறைத்துக்கொள்வேன், புதிய பாடம் எதையும் தொடமாட்டேன், முதல் தேர்வின் வினாத்தாளை நண்பர்களோடு அலசும் வழக்கத்தையும் கைவிடுவேன். தூக்கத்தில் மட்டும் கை வைப்பதாக இல்லை. ஆனால் படுத்தும் பல நாட்களாகத் தூக்கம் வராமல் மனம் பதறிக்கொண்டே இருக்குமானால், அது அட்டவணையைத் திருத்திச் சரிசெய்யும் விஷயமன்று. வீட்டாரிடமோ மருத்துவரிடமோ தேர்வு முடியும்வரை காத்திராமல் உடனே சொல்லிவிட வேண்டும்.