அம்பத்தாறாவது டம்ளர்

எங்க தாய்மாமன் மதுரை சிம்மக்கல் பக்கம் தள்ளுவண்டியில பருத்திப்பால் விக்கிறவர். சாயங்காலம் அஞ்சு மணிக்கு வண்டி வந்து நின்னா ராத்திரி பத்துக்குள்ள அண்டா காலி. தேங்காய்ப்பூ தூவி ஒரு டம்ளர் 20 ரூபா. ஒரு நாளைக்கு 200 டம்ளர் போயிரும். சுக்கு வாசமும் கருப்பட்டி வாசமும் ரோட்டைத் தாண்டி வந்து ஆளை இழுக்கும்.

கைப்பக்குவம் அப்படி. வாய்தான் கொஞ்சம் நீளம்.

பாண்டி கோயில்ல சின்னச் சித்தி மகனுக்குக் காதுகுத்து. கெடா வெட்டியாச்சு, பந்தி ஓடுது, மொய் எழுதுற மேசையில மைக் சும்மா கெடக்குது. மாமா எடுத்துட்டாரு. "முனியாண்டி புண்ணியத்துல தினம் நாலாயிரம் வருமானம், மாசம் ஒரு லட்சத்து இருபதாயிரம்"னு ஊருக்கே கேக்குற மாதிரி சொல்லி முடிச்சு, மருமகனுக்கு ரெண்டு கிராமுல தோடு போட்டாரு.

சித்தப்பா தோட்டைக் கையில வாங்கி எடை பார்த்தாரு. "மாசம் லட்சத்துக்கு மேல சம்பாதிக்கிற தாய்மாமன் செய்முறை இம்புட்டுத்தானா?"ன்னு அவரு கேட்டதுக்கு மைக் தேவைப்படல. பந்தி முடியிறதுக்குள்ள எலையெல்லாம் தாண்டி மாமா காதுக்கு வந்துருச்சு.

மறுநாள் காலையில மாமா எங்க வீட்டுத் திண்ணையில. "மருமகனே, நீ ஆடிட்டர் ஆபீஸ்லதான இருக்க? எனக்கு வருமானமே இல்லன்னு ஒரு கணக்குப் போட்டுக் குடு."

எங்க ஆபீசுக்கு வர்றவங்கள்ல பாதிப்பேரு இதைத்தான் கேக்குறாங்க. வாயைத் தொறந்து கேட்டது மாமா ஒருத்தர்தான்.

நோட்டு இருக்கான்னு கேட்டேன். கொண்டுவந்து குடுத்தது மொய் நோட்டு. எங்க ஊர்க்காரய்ங்க வீட்டுல முப்பது வருசத்துக்கு முந்தி 21 ரூபா வச்சவன் பேரு, ஊரு, அப்பன் பேரு எல்லாம் எழுதி அட்டை போட்டு பீரோவுல இருக்கும். நேத்து வெல்லம் என்ன விலைக்கு வாங்குனோம்கிறது மட்டும் எங்கயும் இருக்காது. வியாபாரக் கணக்குன்னு மாமாகிட்ட இருந்தது ஒரு பிஸ்கட் டப்பா. விக்கிற காசு அதுல விழும். சரக்கும் அதுல இருந்துதான், வீட்டு மளிகையும் அதுல இருந்துதான், மகன் செல்லுக்கு ரீசார்ஜும் அதுல இருந்துதான். அப்புறம் லாபம் எங்க போச்சுன்னு டப்பாவைக் குலுக்கிப் பார்க்குறது.

மாமா வீட்டுல உக்காந்து எழுதுனோம். 200 டம்ளருக்குப் பருத்தி விதை 250, வெல்லமும் கருப்பட்டியும் 600, தேங்காய் 350, பச்சரிசி மாவு, சுக்கு, ஏலக்காய் 250, கேஸ் 400, பேப்பர் கப்பு 150. கூட்டுனா 2,000. ஒரு டம்ளர்ல பத்து ரூபா சரக்குக்கே போயிருது. மிச்சம் பத்து. இது போக, கூடமாட நிக்கிற பையனுக்குக் கூலி 500, இடத்துக்கு 50. இது ரெண்டும் ஒரு டம்ளர் வித்தாலும் உண்டு, ஐநூறு வித்தாலும் உண்டு.

"அப்ப அந்த 550-ஐ எடுக்கவே 55 டம்ளர் விக்கணும் மாமா. அம்பத்தாறாவது டம்ளர்லதான் உங்களுக்கு லாபமே ஆரம்பிக்குது. எல்லாம் போக 1,450."

மாமாவுக்கு மூஞ்சி வாடிருச்சு. வருமானமே இல்லன்னு கணக்குக் கேட்டவரு, இப்ப நாலாயிரம் ஆயிரத்துச் சொச்சமா ஆனதுக்கு வருத்தப்படுறாரு. மனுசன் மனசு!

"சித்திரைத் திருவிழாவுல நல்ல ஓட்டமா இருந்திருக்குமே?"ன்னு பேச்சை மாத்துனேன். மாத்தியிருக்கக் கூடாது. அழகர் ஆத்துல எறங்குன அன்னைக்குக் கூட்டத்தை நம்பி 400 டம்ளருக்குச் சரக்குப் போட்டிருக்காரு. வீதிக்கு வீதி நீர்மோரும் பானகமும் சும்மா குடுக்குறாய்ங்க, அடிக்கிற வெயில்ல காசு குடுத்துச் சூடா பருத்திப்பால் எவன் குடிப்பான்? போனது அறுபது. சரக்குக்குப் போட்டது 4,000, கைக்கு வந்தது 1,200. "ஆனா அன்னைக்கும் ஆயிரத்து இருநூறு வருமானம் மருமகனே"ங்கிறாரு. பேனாவைக் கீழ வச்சுட்டேன்.

தண்டல் விசயம் இன்னும் மோசம். கையில 9,000 குடுத்துட்டுத் தினம் 100 வீதம் நூறு நாள் வாங்குறான். "ஆயிரம் ரூபாதான வட்டி"ங்கிறாரு மாமா. தினமும் அசல் கொறஞ்சுக்கிட்டே வர்றதால, சராசரியா இவரு கையில இருக்கிற கடன் 4,500 சுத்திதான். அதுக்கு நூறு நாள்ல ஆயிரம்னா வருசத்துக்கு எண்பது சதவீதத்தைத் தாண்டுது. இன்னொரு கூத்து, கட்டுற நூறுல பத்து ரூபாதான் வட்டிச் செலவு, மிச்சம் வாங்குன அசல். லாபம் வந்த நாள்லயும் டப்பா ஒல்லியா இருக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

திடீர்னு அவருக்கு வரி பயம் வந்துருச்சு. வருசத்துக்கு 14 லட்சத்துக்கு மேல விக்கிறமேன்னு. சாப்பாட்டுக் கடைக்கு 20 லட்சம் வரைக்கும் ஜிஎஸ்டி பதிவே வேணாம்னு சொன்னேன். வருமான வரியிலயும் சின்ன வியாபாரி மொத்த விற்பனையில 8 சதவீதத்தை லாபம்னு காட்டிட்டுப் போகலாம், ஸ்கேன் பண்ணி வந்த காசுன்னா 6 சதவீதம் போதும். வரிக்காரங்களே மொத்த விற்பனையை வருமானம்னு சொல்றதில்ல. சொந்தக்காரய்ங்கதான் சொல்றாய்ங்க.

அதுவரைக்கும் வாசப்படியில உக்காந்து தேங்காய் துருவிக்கிட்டிருந்த அத்தை நிமிந்தாங்க.

"ஏய்யா, பையனுக்கு 500 எழுதியிருக்கியே. ராத்திரி விதையை ஊறப்போட்டு, காலையில அரைச்சு, மூணு தடவை பால் புழிஞ்சு, கட்டி தட்டாமக் கிண்டுறேனே, என் கூலி எந்த வரியில இருக்கு?"

மாமா தெருவைப் பார்த்தாரு. நான் நோட்டைப் பார்த்தேன். நியாயம்தான். அத்தை படுத்துட்டா அந்த வேலைக்கு ஆள் வைக்காம முடியாது. 500 எழுதுனேன். லாபம் 950 ஆச்சு. லாபம் ஆரம்பிக்கிற டம்ளர் நூத்தாறுக்கு நகந்துருச்சு. தெனம் பதினஞ்சு டம்ளர் ஓசியில குடிக்கிற கூட்டாளிகளுக்குச் சரக்குச் செலவு 150-ஐயும் கழிச்சா 800.

மறுநாள்ல இருந்து வண்டியில வேற மாமா. டம்ளர் டம்ளரா எண்ணுறாரு. முதல்ல வர்றவங்களுக்குச் சிரிப்புக் கெடையாது, வாங்கன்னு சொல்றதும் கெடையாது, கடன்காரனுக்கு ஊத்துற மாதிரி ஊத்துறாரு. நூத்தஞ்சு வரைக்கும் இதே மொகம். நூத்தாறாவது ஆளுக்குத் தேங்காய்ப்பூ ரெண்டு கை. "வாங்க வாங்க, நீங்கதாண்ணே எனக்கு மொத லாபம்"னு கையைப் புடிச்சுக் குலுக்குனதுல அந்த மனுசன் பயந்து டம்ளரைப் பாதியில வச்சுட்டுப் போயிட்டாரு.

அத்தை அதுக்கும் மேல. தன் பேருல ஒரு க்யூஆர் அட்டை வாங்கி வண்டியில ஒட்டிட்டாங்க. 500 ஏறுற வரைக்கும் மாமா அட்டை மேல ஈரத்துணி. ஓசிக் கூட்டாளிகளுக்கு அடக்க விலை பத்து ரூபா. ரெண்டு பேரு கோவிச்சுக்கிட்டு வேற வண்டிக்குப் போயிட்டாங்க. மீதிப்பேரு பத்து ரூபா குடுத்துக் குடிக்கிறாங்க.

போன வாரம் சித்தப்பா வந்தாரு. செய்முறைப் பேச்சுக்குத்தான்னு மொகத்துலயே தெரிஞ்சது. அப்ப ஓடிக்கிட்டிருந்தது நாப்பத்தொண்ணாவது டம்ளர்.

"மாப்ள, நான் இன்னும் நட்டத்துல இருக்கேன். நூத்தாறுக்கு மேல வாங்க, பேசுவோம்"னாரு மாமா, மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு.

சித்தப்பா ஒண்ணும் சொல்லல. இருபது ரூபா குடுத்து ஒரு டம்ளர் வாங்குனாரு, எதுத்தாப்புல மூடிக் கெடந்த கடைப் படியில உக்காந்தாரு, வாய்க்குள்ளயே எண்ண ஆரம்பிச்சாரு. மழை தூறுன நேரம், கூட்டம் குவிஞ்சிருச்சு. எட்டரைக்கெல்லாம் எந்திரிச்சு வேட்டியைத் தட்டிக்கிட்டு வண்டிகிட்ட வந்தாரு.

"நூத்தாறு ஆச்சு மச்சான். இப்பப் பேசுவமா?"