கொப்பியில் இல்லாத அம்மாச்சி

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை இலங்கை முழுக்க ஊரடங்கு வந்தபோது நான் வன்னியில் துணுக்காய்ப் பக்கம் குடும்பநல உத்தியோகத்தராக இருந்தேன். எனக்குப் பெரிய பதற்றமில்லை. எந்த வீட்டில் யார் எத்தனை மாதக் கர்ப்பிணி, எந்தப் பிள்ளைக்கு எந்தத் தடுப்பூசி பிந்துகிறது, எல்லாம் என் கொப்பியில் இருந்தது. ஃபோன் எடுத்தும் படலையில் நின்று கதைத்தும் சமாளித்துவிட்டோம்.

தடுமாற வைத்தது ஒரு அம்மாச்சி. ஸ்கூட்டியில் போகும்போது வேலிக்கு மேலால் கை காட்டினா.

"மிஸ், பிரஷர் குளிசை முடிஞ்சு எட்டு நாள் பிள்ளை."

கையில் காகித உறை. கடைசிக் குளிசைகளைக் கத்தியால் பாதி பாதியாக வெட்டிப் போட்டிருக்கிறா. உறையின் மூலையில் வெள்ளைத் தூள் மட்டும் மிச்சம்.

கிளினிக் மருந்தைத் தபாலில் அனுப்பும் ஏற்பாடு அப்போது இருந்தது. விசாரித்தால் அவவின் மருந்தும் போயிருக்கிறது, வவுனியாவுக்கு! போர் முடிந்து அகதி முகாமிலிருந்து வந்து தங்கிய உறவினர் வீட்டு விலாசம் அது. அவ சொந்தக் காணிக்குத் திரும்பிப் பத்து வருஷமாகிறது. விலாசம் மட்டும் கூட வரவில்லை.

சரி, என் கொப்பியிலாவது இருக்கிறாவா? இல்லை. அது தாய்மாருக்கும் பிள்ளைகளுக்குமான பதிவேடு. தனியே இருக்கும் வயதானவர், அதுவும் சீனி வருத்தமும் பிரஷரும் உள்ளவர், யாருடைய பதிவேட்டிலும் ஒழுங்காக இல்லை. கொரோனா அதிகம் கொண்டுபோனதும் அவர்களைத்தான்.

இலங்கையில் மலேரியா ஒழிந்தது என்று 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. வன்னியில் அந்தக் குளிர் காய்ச்சலோடு வளர்ந்தவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை. காய்ச்சல்காரரைத் தேடி வீடு வீடாகப் போய், விரலில் குத்தி இரத்தம் எடுத்தவர்களின் வேலை அது. இப்போது கூட்டங்களில் வென்டிலேட்டர் கணக்குச் சொல்வார்கள். அதுவும் வேணும்தான். ஆனாலும் எனக்கு அந்த வெறும் உறைதான் கண்ணுக்குள் நிற்கும்.

அப்புறம் ஒரு நாற்பது தாள் கொப்பி வாங்கினேன். கிராம சேவையாளரிடமும் கடைக்காரரிடமும் கேட்டு, தனியே இருக்கும் முதியவர்களை எழுதினேன். பேனையால் பெயர், பென்சிலால் விலாசம்.

2022இல் பெற்றோல் இல்லாமல் சைக்கிளில் திரிந்த நாட்களில் அந்தக் கொப்பி கூடைக்குள் இருந்தது. அம்மாச்சியின் பெயருக்கு நேரே அதற்குள் இரண்டு தடவை அழித்தாகிவிட்டது. இப்போது மாங்குளம், மகள் வீடு.