சூசையப்பர் பெயரில் இன்னொரு பள்ளி

கடலூரில் நாம் படித்த நாளில் ரிக்‌ஷாக்காரரிடம் 'புனித வளனார் பள்ளி' என்றால் கொஞ்சம் யோசிப்பார். 'சூசையப்பர் பள்ளிக்கூடம்' என்றால் அடுத்த கேள்வி கிடையாது. இயேசுவின் வளர்ப்புத் தந்தைக்குச் சூசை என்பது போர்த்துகீசியர் வழியாக வந்த பெயர். வளன், வீரமாமுனிவர் தந்தது. யோசேப்பு என்ற எபிரேயப் பெயரில் 'பெருகச் செய்தல்' என்ற பொருள் இருப்பதால் வளத்தை வைத்து வளன் ஆக்கினார். சான்றிதழிலோ செயின்ட் ஜோசப்.

அதே பாதுகாவல் புனிதர் பெயரில் புதுப் பள்ளி தொடங்க நினைப்பவர்கள் முதலில் இதைத்தான் தீர்க்க வேண்டும். அறக்கட்டளைப் பத்திரம், அங்கீகார விண்ணப்பம், பெயர்ப்பலகை மூன்றிலும் ஒரே எழுத்துக்கூட்டு வேண்டும். மாற்றுச் சான்றிதழில் ஒரு விதமாகவும் மதிப்பெண் பட்டியலில் வேறு விதமாகவும் பள்ளிப் பெயர் இருந்தால் வெளிநாட்டில் சான்று சரிபார்க்கும்போது எவ்வளவு அலைச்சல் என்பது இந்தப் பழைய மாணவர் மலரைப் படிப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

திருவிழாவிலும் சூசையப்பர் பள்ளிகளுக்கு ஒரு சங்கடம் உண்டு. அவர் விழாவான மார்ச் 19, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் வரும், பொதுத்தேர்வும் அப்போதுதான். அந்தத் தேதி தவக்கால ஞாயிறாக அமைந்தால் விழா திங்களுக்குப் போய்விடும். 2023இல் அப்படித்தான் 20ஆம் தேதி வந்தது. தொழிலாளரான புனித வளனார் விழாவை 1955இல் பன்னிரண்டாம் பயஸ் மே 1இல் வைத்தார். அன்று பள்ளிக்குக் கோடை விடுமுறை! எனவே புதன்தோறும் அவருக்கு நடக்கும் நவநாள் வழிபாட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

சுரூபத்துக்குத்தான், அதாவது சிலைக்குத்தான், நன்கொடை தர எல்லாரும் முந்துவார்கள். எந்தச் சூசையப்பர் என்று முதலில் கேளுங்கள். குழந்தை இயேசுவை ஏந்தி லீலி மலர்க்கோல் பிடித்தவரா, மூலைமட்டமும் ரம்பமும் வைத்த தச்சரா? கடலூர் உப்புக்காற்றில் சிமெண்ட் சுரூபத்தின் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் சிமெண்ட் உள்ளிருந்தே வெடிக்கும். முதலில் போவது கோல்தான். மெல்லியது, கம்பியின் மேல் விரற்கடை பூச்சுகூட இருக்காது. கோலைப் பித்தளைக் குழாயில் செய்து தனியாகப் பொருத்தினால் இந்தத் தொல்லை இல்லை. ஃபைபர் சுரூபம் வெடிக்காது, ஆனால் வெயிலில் வெளுக்கும். எதுவானாலும் மேலே கூரை போட்ட கெபி, அதாவது சுரூபக் கூடு, வேண்டும்.

கல்வெட்டுக்குக் கருப்புக் கிரானைட்டில் எழுத்தை ஆழமாக வெட்டச் சொல்லுங்கள். வண்ணம் உதிர்ந்தாலும் எழுத்து நிற்கும். தேதியைக் கடைசியில் வெட்டுவது புத்திசாலித்தனம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டட வேலை தள்ளிப்போகும், பேராயர் வரும் நாளும் மாறும், கல்லை மாற்ற முடியாது.

நேர்ந்தளிப்பு என்ற அர்ப்பணச் சடங்கு கோயிலுக்குத்தான், பள்ளியை மந்திரிப்பார்கள், அதாவது ஆசீர்வதிப்பார்கள். வாசகம், மன்றாட்டு, ஆசி மன்றாட்டு, பிறகு அறை அறையாகத் தீர்த்தம் தெளிப்பு. கரும்பலகைக்கு மேல் மாட்டும் பாடுபட்ட சுரூபங்களை (சிலுவையில் தொங்கும் இயேசு உருவங்களை) முன்கூட்டியே ஒரு மேசையில் அடுக்கிச் சேர்த்து மந்திரித்துவிட்டு, ஆணிகளை முந்தின நாளே அடித்து வைக்க வேண்டும். பேராயர் வாசலில் நிற்கும்போது சுவரில் துளை போடுவது அழகல்ல.

நாடா வெட்டுவதற்கு முன் நான்கு தாள்கள் கையில் இருக்கட்டும்: கட்டட உறுதிச் சான்று, தாசில்தார் தரும் கட்டட உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று. 2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் கருகிய பிறகு இவற்றில் எதையும் யாரும் கண்டுகொள்ளாமல் விடுவதில்லை.

கடைசியாகப் பணம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர் அனுப்பினால் ஆகும், வெளிநாட்டுவாழ் இந்தியருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும் ஆகும். வெளிநாட்டில் பதிவான சங்கம் தன் பெயரில் அனுப்பினாலும் அப்படியே, உறுப்பினர் அனைவரும் இந்தியரானாலும். அந்தப் பணம் எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன்அனுமதியோ உள்ள அமைப்புக்கு, புது தில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் போய்ச் சேர வேண்டும். வழக்கமான பதிவுக்கு அமைப்பு மூன்று ஆண்டாவது இயங்கியிருக்க வேண்டும். புது அறக்கட்டளைக்கு அது இருக்காது. அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பின் ஒரு அமைப்பு வாங்கிய பணத்தை இன்னொன்றுக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. ஆகவே பள்ளியை நடத்தப்போவது எந்த அமைப்பு என்று கேட்டுக்கொண்டு, அதன் பெயருக்கே அனுப்புங்கள். ரசீதிலும் அதே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.