ஒன்றரை வயதுப் பையனுக்கு மயக்க மருந்து: பயமும் பதிலும்

மகனுக்கு வலது தொடை இடுக்கில் குடலிறக்கம். அழும்போதும் முக்கும்போதும் நெல்லிக்காய் அளவுக்குப் புடைக்கும். படுக்க வைத்தால் உள்ளே போய்விடும். தானாகச் சரியாகாது, ஆபரேஷன்தான் என்றார் குழந்தைகள் சர்ஜன். கத்திக்கு நான் அவ்வளவாகப் பயப்படவில்லை. "பச்சைக் குழந்தைக்கு மயக்க மருந்து குடுத்தா மூளை மந்தமாயிடுமாமே" என்று அத்தை கேட்டதுதான் தூக்கத்தைக் கெடுத்தது.

தேடிப் படித்தபோது அத்தை பயந்ததில் நியாயம் இருப்பது தெரிந்தது. 2003இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், பிறந்து 7 நாளான எலிக்குட்டிகளுக்கு 6 மணி நேரம் மயக்க மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். மூளை செல்கள் அழிந்தன, வளர்ந்த பிறகு கற்கும் திறனும் குறைந்தது. 2016 டிசம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வும் ஓர் எச்சரிக்கை விட்டது: 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 3 மணி நேரத்துக்கு மேலோ, பல முறையோ மயக்க மருந்து கொடுத்தால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம். இதைப் படித்த அன்று ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா என்றுகூடக் கணவரிடம் கேட்டேன்.

மயக்க மருந்து டாக்டரிடம் செக்கப்புக்குப் போனபோது இதைத்தான் முதலில் கேட்டேன். அவர் அவசரப்படவில்லை. "எலிக்குட்டிக்குக் குடுத்தது 6 மணி நேரம். உங்க பையனுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாதும்மா. இதே ஆபரேஷனை வெச்சே ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க" என்று சொல்லி, 'கேஸ்' (GAS) என்ற ஆய்வைப் பற்றி விளக்கினார்.

வீட்டுக்கு வந்து அதையும் படித்தேன். 7 நாடுகள், 28 மருத்துவமனைகள், குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்த 722 கைக்குழந்தைகள். குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு விழித்திருக்கும்போதே முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்தார்கள்; மறு பாதிக்குச் செவோஃப்ளூரேன் வாயு கொடுத்து முழு மயக்கம். 5 வயதானதும் அவர்களில் 447 குழந்தைகளைச் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். ஐ.க்யூ. சராசரி விழித்திருந்தவர்களுக்கு 99.08, மயக்க மருந்து வாங்கியவர்களுக்கு 98.97. இத்தனை குழந்தைகளை 5 வயது வரை பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்களே, அதுதான் எனக்குத் தைரியம் தந்தது. பலமுறை மயக்க மருந்து வாங்கிய குழந்தைகளைப் பற்றி இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை செய்து 2018இல் வந்த ஆய்வில் அவர்களுக்கு ஐ.க்யூ. குறையவில்லை, ஆனால் விரல்களின் நுண்வேலையிலும் யோசிக்கும் வேகத்திலும் சிறு குறைவு தெரிந்தது. எங்களுக்கு இது ஒரே முறை, குறைந்த நேரம்.

குறித்த நாளுக்கு முன்னால் பையனுக்குச் சளி பிடித்தது. மூக்கொழுகல்தானே, லீவு போட்டாயிற்று, முடித்துவிடலாம் என்று கணவர் நினைத்தார். டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. சளி இருக்கும்போதும் அது விட்ட முதல் இரண்டு வாரங்களிலும் குழந்தையின் மூச்சுப்பாதை எரிச்சலோடு இருக்குமாம்; மயக்கத்தில் குரல்வளை சட்டென்று இறுகி மூச்சு அடைபடும் ஆபத்து கூடும். எனக்கும் அலைச்சலில் சலிப்புதான், ஆனால் அவர் தள்ளி வைத்தது சரி. அதற்குள் புடைப்பு கல் மாதிரி இறுகினாலோ, உள்ளே போகாவிட்டாலோ, குழந்தை வாந்தி எடுத்தாலோ ராத்திரியானாலும் தூக்கிக்கொண்டு வந்துவிடச் சொல்லி அனுப்பினார்.

வெறும் வயிறு விஷயத்தில் எழுதியே கொடுத்தார்கள். சோறு, பசும்பால், பால்பவுடர் 6 மணி நேரத்துக்கு முன்னால் நிறுத்த வேண்டும். தாய்ப்பால் 4 மணி நேரம். வெறும் தண்ணீர் 2 மணி நேரம். (ஐரோப்பாவில் இப்போது தண்ணீருக்கு 1 மணி நேரமே போதும் என்கிறார்கள்.) "ராத்திரியோட எதுவும் குடுக்காதீங்க" என்று பொதுவாகச் சொல்லி அனுப்பினால் விடாதீர்கள், எதை எத்தனை மணி வரை கொடுக்கலாம் என்று கேளுங்கள். விடியற்காலையில் எழுப்பி இரண்டு பாலாடை தண்ணீர் கொடுத்ததால்தான் பையன் தாகத்தில் துவளாமல் இருந்தான்.

தியேட்டருக்குள் எங்களை விடவில்லை. அவனை உள்ளே கொண்டுபோவதற்கு அரை மணி நேரம் முன்பே மிடாசோலம் மருந்தை இனிப்புத் தண்ணீரில் கலந்து புகட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் அவன் கண் சொக்கி, காரணமில்லாமல் சிரித்து, நர்ஸ் கையை நீட்டியதும் அழாமல் தாவிப் போய்விட்டான். உள்ளே மாஸ்க் வழியாகத் தூங்க வைத்த பிறகு முதுகுத்தண்டின் அடியில் ஒரு ஊசி போடுவார்களாம். இடுப்புக்குக் கீழே மரத்துவிடுவதால் மயக்க வாயு குறைவாகவே போதும், விழித்த பிறகும் சில மணி நேரம் வலி தெரியாது.

விழித்த விதத்துக்கு மட்டும் நான் தயாராக இல்லை. உடம்பை வில்லாக வளைத்து அலறினான், என் முகத்தைப் பார்த்தும் தெரியாதவன் போலத் தள்ளினான், கட்டைவிரலில் சிவப்பு விளக்கோடு மாட்டியிருந்த ஆக்சிஜன் கிளிப்பை உதறி எறிந்தான். செவோஃப்ளூரேனிலிருந்து விழிக்கும் சின்னக் குழந்தைகளுக்கு இது அடிக்கடி வருவதுதான், வலியால் அழுவதல்ல, தானாக அடங்கும் என்றார் டாக்டர். விளக்கை மங்கலாக்கி மடியில் போட்டுக்கொண்டேன். சிறிது நேரத்தில் "ம்மா" என்றான். சாயங்காலம் இட்லி கேட்டுச் சாப்பிட்டான்.

கிளம்பும்போது என்னென்ன மருந்து, எவ்வளவு, மயக்கத்தில் ஏதாவது சிரமம் வந்ததா என்று மயக்க மருந்து டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டோம். பின்னால் எப்போதாவது மயக்க மருந்து தேவைப்பட்டால் முதலில் கேட்பது அதைத்தானாம். தடுப்பூசி அட்டையோடு சேர்த்து அதையும் ஃபைலில் வைத்திருக்கிறேன்.