எண்டெபேயில் ஒம்வேசோ: பல்லாங்குழிப் பழக்கம் எங்கே உதவும், எங்கே கவிழ்க்கும்

ஐ.நா. வேலையாக உகாண்டாவின் எண்டெபேக்குப் போகிறவர்களுக்கு அலுவலகம், அறை, வாரக் கடைசியில் விக்டோரியா ஏரிக்கரை என்று நாள் ஓடிவிடும். ஊர்க்காரர்களோடு பேச்சு என்றால் காவலாளிக்கு ஒரு வணக்கம், கடையில் ஒரு பேரம், அதோடு சரி. போதாததற்கு, இந்திய முகத்தைப் பார்த்ததும் கடை முதலாளி என்று நினைத்துக்கொள்கிற ஊர் அது. அந்த இடைவெளி குறைய, பல்லாங்குழி வகையைச் சேர்ந்த உகாண்டா ஆட்டமான ஒம்வேசோவின் பலகை முன்னால் உட்கார்ந்தாலே போதும். போடா போடா என்கிற மோட்டார் சைக்கிள் டாக்சிகள் நிற்கும் இடத்திலும் கடைத் திண்ணையிலும் மரத்தடியிலும் இது நடக்கும். நம் ஊரில் பல்லாங்குழி பெண்கள் ஆட்டம். அங்கே பலகையைச் சுற்றி இருப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள்.

பலகையில் நான்கு வரிசை, வரிசைக்கு எட்டுக் குழி, மொத்தம் 32. உங்கள் பக்கத்து இரண்டு வரிசை உங்களுடையது. எதிராளியின் குழிகளில் நீங்கள் காய் போடுவதே இல்லை. காய்கள் 64, ஆளுக்கு 32. காயை எம்பிகி என்பார்கள். ஆரம்பத்தில் உங்களை ஒட்டிய வெளிவரிசையில் குழிக்கு நான்கு. தேர்ந்தவர்கள் முதல் நகர்த்தலுக்கு முன் தங்கள் 32 காயையும் விருப்பம்போல் மாற்றி அடுக்கிக்கொள்வார்கள். புதியவர் நான்கு நான்காகவே விடலாம். உள்வரிசை காலியாக இருக்கும்வரை உங்களிடமிருந்து யாரும் எதையும் எடுக்க முடியாது.

காய் போவது இடஞ்சுழியாக: வெளிவரிசையில் இடமிருந்து வலம், பிறகு உள்வரிசையில் வலமிருந்து இடம். குழியில் குறைந்தது இரண்டு காய் இருந்தால்தான் எடுத்து ஆடலாம். ஒற்றைக் காயை நகர்த்த முடியாது.

பல்லாங்குழிக் கை தடுமாறுவது அடுத்த படியில். நாம் கடைசிக் காயைப் போட்டதும் அதற்கு அடுத்த குழியை அள்ளித் தொடர்வோம். அடுத்தது வெறுமையாக இருந்தால் துடைத்துவிட்டு அதற்கும் அடுத்ததை எடுத்துக்கொள்வோம். ஒம்வேசோவில் கடைசிக் காய் விழுந்த குழியையே பார்க்க வேண்டும். அதில் ஏற்கனவே காய் இருந்தால் எல்லாவற்றையும் அள்ளித் தொடரலாம். வெறுங்குழியில் விழுந்தால் முறை முடிந்தது. துடைப்பதும் கிடையாது, நான்கு காய் சேர்ந்தால் எடுக்கும் பசுவும் கிடையாது. அடுத்த குழிக்குக் கை போனால் சுற்றி நிற்பவர்கள் கத்திவிடுவார்கள்.

வெட்டுக்கு, அதாவது எதிராளியின் காயை எடுக்க, மூன்று நிபந்தனைகள் சேர வேண்டும். கடைசிக் காய் உங்கள் உள்வரிசையில் விழ வேண்டும். அந்தக் குழியில் முன்பே காய் இருக்க வேண்டும். அதற்கு நேர் எதிரே எதிராளியின் இரண்டு குழிகளிலும் காய் இருக்க வேண்டும். அப்போது அந்த இரண்டையும் வழித்தெடுக்கலாம். எடுத்தது வீட்டுக்குப் போகாது, உங்கள் பக்கத்திலேயே விதைக்கப்படும். 64 காயும் கடைசிவரை பலகையில்தான்.

எங்கிருந்து விதைப்பது? பாதிச் சண்டை இதில்தான். வெட்டிய குழியிலிருந்து அல்ல. வெட்டில் முடிந்த அந்தச் சுற்று, அதாவது கடைசியாக அள்ளிப் போட்டது, எந்தக் குழியில் தொடங்கியதோ, அதற்கு அடுத்த குழியிலிருந்து. வெளிவரிசையில் இடமிருந்து ஆறாவது குழியில் ஐந்து காய் என்று வையுங்கள். ஏழு, எட்டு, திரும்பி உள்வரிசையில் எட்டு, ஏழு, ஆறு. உள் ஆறில் முன்பே ஒரு காய் இருந்தது, எதிரே மூன்றும் இரண்டும் இருந்தன. அந்த ஐந்தையும் எடுத்து மறுபடி வெளி ஏழிலிருந்து போட்டால் மீண்டும் உள் ஆறிலேயே முடியும். எதிரே இப்போது காலி, ஆகவே வெட்டு இல்லை. ஆனால் உள் ஆறில் மூன்று காய் சேர்ந்திருக்கும். அவற்றை அள்ளித் தொடர வேண்டும். எதிர்த்திசையிலும் ஆடலாம்: இடது ஓரத்தில் வரிசைக்கு இரண்டாக உள்ள நான்கு குழிகளிலிருந்து மட்டும், அதுவும் அந்தச் சுற்று நேரே வெட்டில் முடிந்தால்தான்.

ஆட வழியில்லாமல் போனவர் தோற்றார். ஒரே முறையில் எதிராளியின் இரண்டு ஓரங்களிலும் வெட்டிவிட்டாலும் வெற்றிதான். அதற்கு எமித்வே எபிரி என்று பெயர். புதியவர்கள் பெரும்பாலும் இதில்தான் விழுவார்கள், நடுவையே பார்த்துக்கொண்டு ஓரத்தை மறந்துவிடுவதால். தற்காப்பு எளிது: ஒரே நேர்க்கோட்டில் இருக்கும் உங்கள் இரண்டு குழிகளில் ஒன்று காலியாக இருந்தால் அங்கே வெட்டு விழாது. ஓரங்களில் இதைக் கவனித்தாலே ஆட்டம் நீளும்.

வேகம்தான் பெரிய சிக்கல். அவர்கள் காயைத் தொட்டு எண்ணுவதில்லை, பார்த்தே தெரிந்துகொள்கிறார்கள். மூன்று, நான்கு, ஐந்து காய்களைக் கண்ணாலேயே பிரித்தறிய அறையில் பழகிக்கொண்டு போங்கள். முதல் சில நாள் ஆடக் கேட்காமல் நின்று பார்ப்பது நல்லது. வந்ததும் லுகாண்டா மொழியில் வணக்கமாக "ஜெபாலெ கோ, ஸ்ஸெபோ" என்று சொல்லுங்கள், தோற்றதும் நன்றியாக "வெபாலெ". யாராவது இடம் விட்டு நகர்ந்து உட்காரச் சொல்வார்கள். தோற்பீர்கள், பரவாயில்லை. ஆளுக்கொரு யோசனையாகக் கத்திச் சொல்லித்தரும்போதுதான் பழக்கம் ஏற்படுகிறது.

கம்பாலாவில் தேசிய நாடக அரங்கின் பின்னால் உள்ள கைவினைக் கடைகளில் பலகை கிடைக்கும். நடுவில் கீல் வைத்து மடிக்கும் பலகைகளில் குழி ஆழம் போதாது. ஒரு குழியில் பத்துக் காய் சேர்ந்தால் வழிந்து பக்கத்தில் கலந்துவிடும், அப்புறம் கணக்கே போச்சு. கை முழுதாக இறங்கி அள்ளுகிற அளவு குழி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வாங்கும்போதே 64 காயையும் எண்ணிவிடுங்கள்.

ஊரிலிருந்து பல்லாங்குழி கொண்டுபோனால் நல்லது. அவர்கள் ஓரிரு ஆட்டத்தில் பிடித்துக்கொள்வார்கள். புளியங்கொட்டை, மஞ்சாடி எல்லாம் விமான நிலையத்தில் விதைச் சோதனையில் மாட்டலாம். சோழி எடுத்துப் போங்கள்.

பணம் வைத்து ஆடும் பலகையிலிருந்து எழுந்துவிடுங்கள். போக அனுமதி உள்ள பகுதி எது, எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்பதைப் பாதுகாப்பு அதிகாரியிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். போடா போடாவில் ஏறத் தடை இருந்தாலும் அதன் ஓட்டுநரோடு உட்கார்ந்து ஆடத் தடை இருக்காது.

ருவாண்டாவுக்கு மாற்றலானால் அங்கே இகிசோரோ. அதே 32 குழி, 64 காய், விதிகளில் வேறுபாடு உண்டு. தான்சானியாவின் பாவோ வேறு கதை. பலகை ஒன்றுபோல் இருந்தாலும் அதில் ஆளுக்கு 10 காயைப் பலகையில் வைத்து, மீதி 22ஐக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். ஒம்வேசோ நன்றாகக் கைவந்த பிறகு அதைத் தொடுங்கள்.